நீராற்றி விசிறி: ‘குளிர்விசிறி’ ஏன் வேண்டாம்

நண்பர்களே, வணக்கம்.

கார் எஞ்சினின் சூட்டை வெளியேற்றுகிற ரேடியேட்டருக்குத் தமிழில் ‘கதிர்வீச்சி’, அதன் ஃபேனுக்குக் ‘குளிர்விசிறி’ என்று இங்கே வந்த இரண்டு முன்மொழிவுகளையும் பார்த்தேன். இரண்டையும் ஏற்க எனக்கு மனமில்லை.

கதிர்வீச்சி என்பது ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கியது. ரேடியேட்டரில் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாக வெளியேறுவதில்லை, மெல்லிய தகடுகளுக்கிடையே புகுந்து போகிற வளிதான் (காற்றுதான்) அதை அள்ளிக்கொண்டு போகிறது. இலங்கைப் பாடநூல் மொழியில் இது மேற்காவுகை, தமிழக நண்பர்களுக்கு வெப்பச்சலனம். ஆங்கிலத்தில் தவறிய பெயரை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? ‘நீராற்றி’ என்று வைப்போம். தேநீரை ஆற்றுகிறோமே, அதே ஆற்றுதல். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றிவருகிற கூலன்டில் தண்ணீரோடு கிளைக்கோல் என்ற திரவமும் கலந்திருக்கிறதே என்று கேட்டால், கராஜ் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இன்றைக்கும் அதைத் ‘தண்ணி’ என்றுதான் சொல்கிறார்கள், அது போதும். இதே வழியில் எண்ணெயின் சூட்டைத் தணிக்கிற ஒயில் கூலருக்கு எண்ணெயாற்றியும், டர்போ எஞ்சினுக்குள் போகிற வளியின் சூட்டைத் தணிக்கிற இன்டர்கூலருக்கு வளியாற்றியும் கிடைத்துவிடுகின்றன.

அடுத்து விசிறி. ‘குளிர்விசிறி’ என்றால் அது சுற்றச் சுற்ற எஞ்சின் குளிரும், பெரிதாகப் போட்டால் இன்னும் குளிரும் என்று படிக்கிறவர் நினைப்பார். அப்படி நடக்காது. எஞ்சின் எவ்வளவு சூட்டில் ஓட வேண்டும் என்பதை, தண்ணீர் நீராற்றிக்குப் போகிற வழியைத் திறந்து மூடுகிற தேர்மோஸ்டாட் வால்வுதான் தீர்மானிக்கிறது. பல கார்களில் அது 82 முதல் 88 பாகை செல்சியசில் திறக்கத் தொடங்கும், அதற்குக் கீழே மூடிக்கொள்ளும், ஆகவே விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் எஞ்சின் அந்த அளவுக்குக் கீழே போகாது. மின்விசிறி வழக்கமாக 95 பாகையை ஒட்டித்தான் ஓடத் தொடங்கும், சில பாகை இறங்கியதும் நின்றுவிடும்.

கொழும்பில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மாலை நேரத்தில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குக் காலி வீதியில் ஊர்ந்து போகும்போது முன்னாலிருந்து வளி வராது, அந்த நேரத்தில் விசிறி ஒன்றுதான் கதி. அதே கார் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் போகும்போது ஓட்டத்தால் வருகிற வளியே தாராளம், அங்கே விசிறிக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. அதனால்தான் நெரிசலில் மட்டும் சூடு ஏறினால் முதலில் விசிறியையும் அதற்கு மின்சாரம் விடுகிற ரிலே சுவிட்சையும் பார்க்கிறார்கள், அதிவேகப் பாதையில் மட்டும் ஏறினால் அடைபட்ட நீராற்றியிலோ தண்ணீர்ப் பம்பிலோ சந்தேகம் போகும். அப்புறம், நம் ஊரில் வெளி வளியே ஏறக்குறைய 30 பாகை. குளிர்நாட்டில் 0 பாகை வளி ஆற்றுகிற அளவுக்கு இங்கே ஆற்ற வேண்டுமென்றால் இன்னும் நிறைய வளி ஓட வேண்டும். விசிறி செய்வது அதைத்தான்: வளியை ஓடவைப்பது.

ஆகவே பொதுப்பெயர் ‘நீராற்றி விசிறி’. வகையைச் சொல்ல வேண்டிய இடத்தில், நீராற்றிக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் இருந்து வளியை இழுப்பது ‘இழுவிசிறி’, முன்னால் இருந்து தள்ளுவது ‘தள்ளுவிசிறி’. இந்த வேறுபாடு வெறும் அலங்காரம் இல்லை. மோட்டர் மாற்றும்போது வயர் இரண்டும் இடம் மாறிவிட்டால் இழுக்க வேண்டியது தள்ளத் தொடங்கும், கார் ஓடும்போது எதிரே வருகிற வளியோடு மல்லுக்கட்டும். விசிறி சுற்றுகிறதே, பிறகு ஏன் சூடு ஏறுகிறது என்று ஆட்கள் குழம்புவார்கள். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் பழைய மோட்டர் வாங்கிப் பொருத்துகிறவருக்கு ‘இது இழுவிசிறி, எந்தப் பக்கம் வளி போகிறது என்று ஒரு கடதாசியைப் பிடித்துப் பாருங்கள்’ என்று எழுதினால் உடனே விளங்கும். ‘குளிர்விசிறி’ அந்த உதவியைச் செய்யாது.

வளியாற்றியில் வருகிற ‘வளி’ கனமான சொல் என்று சிலருக்குத் தோன்றலாம். ஏசியை வளிச்சீராக்கி என்று எழுதிப் பழகிய இலங்கைக்காரர் எங்களுக்கு அப்படியில்லை, ஆனாலும் ‘காற்றாற்றி’ என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. விசிறியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்குமே, ஷ்ரவுட் என்பார்கள். அது இல்லாவிட்டால் விசிறி தனக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும் வளியை இழுக்கும், நீராற்றியின் மூலைகள் சும்மா கிடக்கும். ‘விசிறிக்கூடு’ என்று எழுதலாம், ஆனால் அது விரல் படாமல் காக்கிற கம்பிக்கூட்டையும் குறிக்குமே. ‘வளிவாரி’ சரிவருமா? வளியை வாரிக் கொடுப்பது என்ற பொருளில். உங்கள் கருத்தை எழுதுங்கள்.