கலைச்சொல்: ‘கேபி-யுயு’வுக்குத் தமிழில் என்ன?

> ‘மூளை ஊடுருவல் விகிதம்’ என்றே வைத்துவிடலாம். எளிதாகப் புரியும்.

வணக்கம் ஐயா. எளிதாகப் புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். அல்சைமர், பார்க்கின்சன் மருந்து தேடும் ஆய்வகங்களில் இரண்டு விகிதங்கள் புழங்குகின்றன. மூளையிலுள்ள மொத்த மருந்தைப் பிளாஸ்மாவிலுள்ள மொத்தத்தால் வகுத்தால் கேபி. கொழுப்பிலும் புரதத்திலும் ஒட்டாமல் திரியும் பகுதியை மட்டும் இரு பக்கமும் எடுத்து வகுத்தால் கேபி-யுயு (Kp,uu). நீங்கள் சொல்லும் பெயர் இரண்டுக்கும் பொருந்துகிறது.

ஒரு கணக்கு. சேர்மம் அ: மூளையில் 1000 நானோமோலார், பிளாஸ்மாவில் 500. கேபி 2, பிரமாதம் என்று தோன்றும். ஒட்டாத பின்னம் மூளையில் 0.005, பிளாஸ்மாவில் 0.05. அப்படியானால் வேலை செய்யக்கூடிய மருந்து மூளையில் 5, பிளாஸ்மாவில் 25, விகிதம் 0.2. சேர்மம் ஆ: மூளையில் 150, பிளாஸ்மாவில் அதே 500, கேபி வெறும் 0.3. பின்னங்கள் 0.10, 0.05. ஒட்டாதது 15, 25, விகிதம் 0.6. ‘ஆ’தான் மேல்.

கேபியை மட்டும் பார்க்கும் ஆய்வு மாணவர் ‘அ’வின் பின்னால் போய், கொழுப்பு நாட்டம் கூடட்டும் என்று இன்னொரு டெர்ஷியரி பியூட்டைலை (கொழுப்பை நாடும் கார்பன் தொகுதி) மூலக்கூறில் சேர்ப்பார். மொத்தம் ஏறும், மருந்து மூளைக் கொழுப்பிலேயே தங்கிவிடும். உண்மையில் பார்க்க வேண்டியது, மூளைக்குள் வரும் மருந்தைத் திருப்பி அனுப்பும் பி-கிளைக்கோபுரதம் அதை வெளியே தள்ளுகிறதா என்பதை. தள்ளினால் அதன் பிடியிலிருந்து தப்ப வழி உண்டு. அமைடின் என்-எச்சை மெத்தில் போட்டு மூடுவது, அமீனுக்குப் பக்கத்தில் ஃபுளோரின் வைத்துக் காரத்தன்மையைக் குறைப்பது: புது மூலக்கூறுகளை ஆக்கும் வேலை அங்கே தொடங்க வேண்டும்.

ஆகவே ‘ஒட்டாத’ என்பது பெயருக்குள்ளேயே இருக்க வேண்டும். ‘பிணையா’ வேண்டாம், பிணைப்பு சகப்பிணைப்புக்குப் போய்விட்டது. ‘தனி’யைத் தனி உறுப்பு (free radical) பிடித்துக்கொண்டது. ‘பற்றா’ என்றால் பற்றாக்குறைதான் காதில் விழுகிறது. என் பரிந்துரை: கட்டுறாப் பின்னம், மூளை-பிளாஸ்மா கட்டுறா விகிதம்.

---

> ‘ஒட்டாத’ என்பது பெயருக்குள்ளேயே இருக்க வேண்டும்

அன்புள்ள நண்பருக்கு, ‘கட்டுறா’ சரி. ஒரு சிக்கல் மட்டும். கார அமீன்கள் லைசோசோமுக்குள் (செல்லுக்குள் இருக்கும் அமிலப் பை) போனால் அங்குள்ள அமிலத்தில் புரோட்டான் ஏற்று, வெளியே வர முடியாமல் நின்றுவிடும். எதிலும் ஒட்டவில்லை, ஆனாலும் சிறைப்பட்டிருக்கிறது. அதையும் கட்டுறாதது என்பீர்களா? ஒட்டாத பின்னத்தை அளக்க மூளையை மசியலாக அரைத்தால் லைசோசோம் உடைந்து அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும். பின்னம் கூடுதலாக வரும், விகிதமும் ஊதிப்போகும். அமீன் உள்ள தொடருக்கு 300 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள, அரைக்காத மூளைச் சீவலில் அளப்பது நல்லது.

---

நல்ல கேள்வி. அந்த விகிதத்தில் எண்ணப்படுவது செல்களுக்கு வெளியே, இடைத்திரவத்தில் உள்ள கட்டுறா மருந்துதான். லைசோசோமில் மாட்டியது அதில் வராது. விளக்கத்தில் ‘இடைத்திரவத்தில்’ என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் போதும், பெயரை நீட்ட வேண்டாம்.

கலைச்சொல் பதிவோடு, பின்னத்தை மசியலில் அளக்கும் செய்முறைக் குறிப்பும் போகட்டும். ஒரு பங்கு மூளைக்கு நான்கு பங்கு தாங்கல் கரைசல், பி.எச். 7.4. மசியலை 37 பாகை செல்சியசில் சவ்வின் ஒரு பக்கம், வெறும் தாங்கல் கரைசலை மறுபக்கம் வைத்து டயாலிசிஸ் (ஒட்டாத மருந்து மட்டும் சவ்வைக் கடக்கும்), சமநிலை வரும்வரை. ஐந்து மடங்கு நீர்த்திருக்கிறது என்பதை மறந்தால் எண் கெடும். நீர்த்த மசியலில் 0.10 என்று கிடைத்தால் உண்மைப் பின்னம் 0.2 ÷ (9 + 0.2), அதாவது 0.022 (0.2 என்பது 1 ÷ 5; 9 என்பது 1 ÷ 0.10 - 1). இரு பக்கமும் கூட்டிப் பார்த்து, போட்ட மருந்தில் பெரும்பகுதி திரும்ப வரவில்லையென்றால் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டது அல்லது சிதைந்தது என்று பொருள். அந்த எண்ணை எழுதவே கூடாது.

பதிவு: *கட்டுறா விகிதம் (மூளை-பிளாஸ்மா)*: மூளை இடைத்திரவத்தில் கட்டுறா மருந்தின் செறிவை, பிளாஸ்மாவில் கட்டுறா மருந்தின் செறிவால் வகுத்தது. 1-க்கு அருகில் இருந்தால் மருந்து தானாகவே பரவுகிறது. மிகக் குறைந்தால் வெளியேற்றம் நடக்கிறது. 1-ஐத் தாண்டினால் ஏதோ ஒரு கடத்தி உள்ளே இழுக்கிறது.

‘மசியல்’ சமையலறைச் சொல் என்று யாராவது ஆட்சேபித்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். எனக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்கவில்லை.