ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்து குறைவா?

கேள்வி

எனக்கு வயது 54. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. மகரந்தம் பரவும் பருவத்தில் தும்மலும் மூக்கடைப்பும் சேர்ந்துகொள்ளும். என் தந்தை, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோயால் இறந்தவர். ஆஸ்துமா உள்ள ஆண்கள் இந்நோயால் இறக்கும் வாய்ப்பு 36 சதவீதம் குறைவு என்றும், மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது சற்றே கூடுதல் என்றும் படித்தேன். இரண்டும் உள்ள நான் எந்தக் கணக்கில் வருவேன்? இந்நோயைத் தேடச் செய்யும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா?

மறுமொழி 1

தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் குறிப்பிடுவது 2015இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு. மருத்துவம் சார்ந்த தொழில்களில் இருந்த, 40 முதல் 75 வயது வரையிலான ஏறத்தாழ 48,000 ஆண்களை 1986 முதல் 2012 வரை தொடர்ந்து கவனித்து எழுதப்பட்டது. அந்த 36 சதவீதம் ஓர் ஒப்பீடு மட்டுமே: ஒரு பேச்சுக்கு, 100 பேரில் 3 பேர் இந்நோயால் இறப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், ஆஸ்துமா உள்ள 100 பேரில் அது ஏறத்தாழ 2 ஆகிறது, அவ்வளவுதான். மகரந்த ஒவ்வாமைக்குச் சொல்லப்பட்ட சுமார் 10 சதவீத உயர்வோ தற்செயலாகவும் அமையக்கூடிய அளவுக்குச் சிறியது. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது. உங்கள் கணக்கில் பெரிய எண் அதுதான்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மெல்பர்ன் நகரில் நடந்த ஓர் ஆய்வில், ஆஸ்துமா உள்ளவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் சற்று அதிகமாகவே காணப்பட்டது. இது முரண்பாடுபோல் தோன்றினாலும், நோய் கண்டறியப்படுவதும் நோயால் இறப்பதும் வேறு வேறு. புராஸ்டேட் புற்றுநோய்களில் பல மெதுவாக வளர்ந்து, ஆளின் ஆயுளைப் பாதிக்காமலே இருந்துவிடுகின்றன. மூச்சிரைப்புக்காக அடிக்கடி மருத்துவரிடம் செல்பவர்களிடம் இத்தகைய கட்டிகள் கூடுதலாகக் கண்ணில் படவும் வாய்ப்புண்டு. ஒவ்வாமையில் தூண்டப்படும் நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டியையும் தாக்குகின்றனவா என்ற கேள்வி சுவையானது. ஆனால் அதை நம்பி யாரும் பரிசோதனையைக் கைவிடக் கூடாது.

மறுமொழி 3

புற்றுநோயை விடுங்கள், ஒவ்வாமைக்கும் புராஸ்டேட்டுக்கும் உள்ள நேரடித் தொடர்பை நான் அனுபவத்தில் அறிந்தேன். எனக்குப் புராஸ்டேட் வீக்கம் உண்டு. அது புற்றுநோய் அன்று. தும்மல் தாங்காமல், தும்மலை அடக்கும் குளோர்பெனிரமைனும் மூக்கடைப்பை நீக்கும் சூடோஎபெட்ரினும் கலந்த மாத்திரையை நானாகவே வாங்கி விழுங்கியதில், அன்றிரவு சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொண்டு, குழாய் போட்டுத்தான் வெளியேற்ற நேர்ந்தது. முன்னது சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவைக் குறைக்கிறது. பின்னது அதன் வாய்ப்புறத் தசையை இறுக்குகிறது. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்துகளில் டையோட்ரோபியம் போன்றவற்றுக்கும் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம் என்ற எச்சரிக்கை உண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அடுத்த வாரமே பரிசோதனைக்குச் செல்கிறேன். அதற்கு முன் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 1

இரண்டு நாள்களுக்கு முன்பிருந்தே மிதிவண்டி ஓட்டுவதையும் விந்து வெளியேறுவதையும் தவிருங்கள், இரண்டும் பி.எஸ்.ஏ. அளவைத் தற்காலிகமாக உயர்த்தக்கூடும். சிறுநீர்த் தொற்று இருந்தால், அது தீர்ந்து சில வாரங்கள் கழித்தே இரத்தம் கொடுங்கள்.