பாங்காக்கில் சைவம்: ஒரு நாளைக்கு 200 பாட் போதுமா?

கேள்வி: அடுத்த மாதம் பாங்காக் போகிறோம். முட்டையும் சாப்பிட மாட்டோம். இந்திய ஓட்டல்கள் கட்டுப்படியாகாது. ஆளுக்கு மூன்று வேளையும் 200 பாட் (தாய்லாந்துப் பணம்) வைத்து ஒப்பேற்ற முடியுமா?

பதில்: தாராளமாக. மஞ்சள் பலகையில் சிவப்பாக, பார்க்க 17 போலவே இருக்கும் எழுத்தைத் தேடுங்கள். அதுதான் 'ஜே', தாய்லாந்தின் கறாரான சைவ உணவு. இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. சோறும் இரண்டு தொடுகறியும் பெரும்பாலும் 40–60 பாட். மதியம் தாண்டினால் பல கடைகளில் பாத்திரம் காலி, பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள். தட்டில் கறித்துண்டு மாதிரி கிடப்பது சோயா, பதறாதீர்கள்!

பதில்: சாதாரணக் கடையில் 'காய்கறி மட்டும்' என்றால் மீன் சாஸோ சிப்பி சாஸோ ஊற்றித்தான் வதக்குவார்கள். 'கின் ஜே' (ஜே சாப்பிடுகிறேன்) என்று சொல்லுங்கள். பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு பக்கமே போகவேண்டாம். இறால் விழுது மசாலாவோடு சேர்ந்து அரைபட்டிருக்கும், தனியே எடுக்க வழியில்லை. பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால் வேண்டாம் என்றாலும், இடிக்கும் உரல் அதே உரல்தான்.

பதில்: 'மங்சவிரத்' (தாய் மொழியில் பொதுவாகச் 'சைவம்') என்று போட்டிருந்தால் முட்டை வரலாம், கவனம். இரவுக்கு 7-இலெவன் கடையில் அதே ஜே குறி போட்ட கப் நூடுல்ஸ், சோயா பால் வாங்கிக்கொள்ளுங்கள். கடையிலேயே வெந்நீர் உண்டு.