15 கிலோஹெர்ட்ஸ் ஆர்கேட் மானிட்டரில் கணினிப் படம் கிழிகிறது

கேள்வி:
ஜாம்மா (ஆர்கேட் போர்டுகளுக்கான பொது இணைப்பு முறை) வயரிங் உள்ள ஆர்கேட் கேபினெட். மானிட்டர் வெல்ஸ்-கார்ட்னர் கே7000, 19 அங்குலம். கணினியில் ரேடியான் எச்டி 5450, விண்டோஸ் 7. விஜிஏ கேபிளை வெட்டி நேரே ஜாம்மா முனைகளில் கொடுத்தால் 640×480 படம் கிழிந்து இரட்டையாகத் தெரிகிறது, கூடவே கீச்சென்று சத்தம். வயரிங்கில் எங்கே தப்பு?

பதில் 1:
முதலில் மானிட்டரை அணையுங்கள். தப்பு வயரில் இல்லை. விஜிஏ அந்த ரெசல்யூஷனில் நொடிக்கு 31,500 வரிகள் (31 கிலோஹெர்ட்ஸ்) அனுப்பும்; கே7000 வரையக்கூடியது 15,700 சொச்சம்தான் (15 கிலோஹெர்ட்ஸ் என்பது இதுதான்). தொடர்ந்து ஓட்டினால் ஹாரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்.

உங்கள் கார்டு இதற்குத் தோதானது. எல்சிடி ஒன்றை மாட்டி சிஆர்டி எமுடிரைவரை (ரேடியான் கார்டை 15 கிலோஹெர்ட்ஸ் தரவைக்கும் டிரைவர்) நிறுவி, விஜிஏ போர்ட்டை 15 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 320×240-இல் தொடங்கலாம். 640×480 வேண்டுமென்றால் இன்டர்லேஸ்தான் (ஒற்றை, இரட்டை வரிகளை மாறி மாறி வரைவது), எழுத்து நடுங்கும். பயாஸ் திரை அப்போதும் 31-இலேயே வரும் என்பதால், டெஸ்க்டாப் ஏறிய பிறகே மானிட்டருக்கு கரண்ட் கொடுங்கள்.

பதில் 2:
அடுத்து படம் மங்கலாக வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். விஜிஏ நிறத்துக்குத் தருவது 0.7 வோல்ட், ஆர்கேட் போர்டுகள் தருவது அதைப்போலப் பல மடங்கு. நடுவில் வீடியோ ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அதற்குப் பதிலாக ஃப்ளைபேக்கில் (மானிட்டரின் உயர் வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்) உள்ள ஸ்க்ரீன் திருகுகுமிழை ஏற்றாதீர்கள்: கறுப்பு சாம்பலாகும், சாய்ந்த ரீட்ரேஸ் கோடுகள் தெரியும்.

விஜிஏவில் சிங்க் (வரியும் படமும் தொடங்கும் நேரத்தைச் சொல்லும் சிக்னல்) இரண்டு: பின் 13 கிடைக்கு (எச்), 14 செங்குத்துக்கு (வி). ஜாம்மாவில் ஒன்றுதான், சால்டர் பக்கம் பி (P). இரண்டையும் 74எல்எஸ்86 என்ற லாஜிக் சிப்பின் ஒரு எக்ஸார் (XOR) கேட்டில் சேருங்கள். மோட்லைனில் (டிரைவருக்குத் தரும் திரை அமைப்பு வரி) எச் நெகட்டிவ், வி பாசிட்டிவ் என்று வைத்தால் வெளியே நெகட்டிவ் காம்போசிட் (இரண்டும் சேர்ந்த ஒரே சிங்க்) கிடைக்கும். ஆண்ட் கேட் போட்டால் வி பல்ஸ் நேரத்தில் எச் பல்ஸ்கள் மறைந்து, படத்தின் மேல் ஓரம் கொடிபோல் வளையும். மற்ற ஜாம்மா முனைகள்: சிவப்பு 12, பச்சை என் (N), நீலம் 13, வீடியோ கிரவுண்ட் 14.

கேள்வி கேட்டவர்:
ஜே-பேக் (கணினியை ஜாம்மாவோடு இணைக்கும் போர்டு) வாங்கினால் இத்தனையும் தேவையா?

பதில் 2:
ஆம்ப்ளிஃபையர், சிங்க் சேர்ப்பு இரண்டும் அதிலேயே உண்டு. 31 கிலோஹெர்ட்ஸ் வந்தால் தடுத்தும்விடும், பயாஸ் கவலை இல்லை. ஆனால் அது அதிர்வெண்ணை மாற்றித் தராது. டிரைவர் வேலை அப்படியே இருக்கிறது.

பதில் 3:
யாரும் சொல்லவில்லையே: கே7000-க்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மானிட்டரை மெயினிலிருந்து பிரித்து வைப்பது) கட்டாயம். கேபினெட்டின் அடியில் இருக்கும் கனமான அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தவிர்த்து நேரே மெயினில் செருகினால், மானிட்டர் சேசிஸின் கிரவுண்டில் மெயின் மின்சாரம் நிற்கும். கணினியின் கிரவுண்டோ எர்த்தோடு சேர்ந்தது. விஜிஏ கிரவுண்டு வயர் தொட்ட கணமே சேசிஸ் ஃபியூஸோடு கிராஃபிக்ஸ் கார்டும் போகும். வீடியோ வயரை மாட்டுவதற்கு முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெயின் முனைக்கும் சேசிஸ் கிரவுண்டுக்கும் இடையே மீட்டரில் ஓம் பாருங்கள். தொடர்பே காட்டக்கூடாது.