இடி இடித்த மறுநாள் மட்டும் இணையம் வராத கணினி

புளியரை சர்வீஸ் கடை:

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகிற வழியில், மலையடிவாரத்தில் புளியரை. அங்கேதான் என் கடை. விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் போட்ட பழைய கணினிகள், தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இரண்டு பக்கமிருந்தும் என்னிடம் வரும். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "லினக்ஸ்ல ஏதோ கோளாறு, வேற போட்டுக் குடுங்க." வேறு போடுவதற்கு முன்னால் நான் இப்போதெல்லாம் கேட்கிற முதல் கேள்வி, "உங்க வீட்ல கரண்ட் எப்படி?" என்பது. அப்படிக் கேட்க வைத்தது என் அத்தை வீட்டுக் கணினி.

அத்தை ஆரியங்காவில் இருக்கிறார். மகன் மஸ்கட்டில். அவன் பேச, படம் அனுப்ப, அத்தை கரண்ட் பில் கட்ட என்று ஒரு பழைய டெஸ்க்டாப். லினக்ஸ் மின்ட் நான் போட்டுக் கொடுத்ததுதான். ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தப் பக்கம் மத்தியானம் வரை வெயில் காயும், மூன்று மணிக்கு மேல் மலை மேல் கறுத்துக்கொண்டு வரும், அப்புறம் இடிதான். கேரளத்தில் துலாவர்ஷம் என்பார்கள். அப்படி ஒரு மழைக்கு மறுநாள் அத்தை போன் செய்தார்.

"மருமவனே, நேத்து இடி இடிச்சுதுல்லா, நெட்டு போயிட்டு. இது மூணாவது தடவ."

இணைய இணைப்பு கொடுத்தவர்கள் அதற்குள் ஒரு முறை மோடத்தை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது வைஃபை குறி முழுதாக இருந்தது. அத்தையின் போனில் அதே வைஃபையில் எல்லாம் வருகிறது. கணினியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் தடுக்கிறது. அப்டேட் கொடுத்தால், லினக்ஸ் தன் மென்பொருள்களை எடுக்கிற களஞ்சியத்தின் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்கிறது. தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருகிற டிஎன்எஸ்ஸை மாற்றிப் பார்த்தேன், பிரவுசரின் சேமிப்பைக் காலி செய்தேன். ஒரு மணி நேரம் போயிற்று.

'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்ற அந்தச் சொல்லை நான் முதலிலேயே நின்று படித்திருக்க வேண்டும். காலாவதி ஆகிவிட்டது என்றால் புரிகிறது. இன்னும் ஆகவில்லை என்றால் என்ன பொருள்? மவுஸை மூலையில் இருந்த கடிகாரத்தின் மேல் கொண்டுபோனேன். தேதி சில வருஷம் பின்னால் இருந்தது. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் காட்டுகிற சான்றிதழில் தொடக்க நாள், முடிவு நாள் இரண்டும் இருக்கும். கணினி தன்னைப் பழைய வருஷத்தில் வைத்துக்கொண்டால் எல்லாச் சான்றிதழும் அதற்கு வருங்காலத்துச் சான்றிதழ்தான். எப்படி நம்பும்?

"அத்தை, ஆன் பண்ணும்போது கறுப்புத் திரையில ஏதாவது கேக்குதா?"

"எஃப் ஒன்னு அமுக்கச் சொல்லும். அமுக்குவேன். ரொம்ப நாளா அப்படித்தான்."

அந்த எஃப்1தான் விடை. தாய்ப்பலகையில், அதாவது மதர்போர்டில், காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். கணினிக்கு மின்சாரமே இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துபோனால் ஆன் செய்யும்போது கணினி இப்படி நின்று கேட்கும். மல்டிமீட்டரில் பார்த்தேன், 1.8 வோல்ட் காட்டியது. ஆனால் சுவர் ஸ்விட்ச் போட்டே இருந்தால், கணினியை அணைத்த பிறகும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தருகிற பெட்டி) கொஞ்சம் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும்; பேட்டரி செத்தது கடிகாரத்தில் தெரியாது. அத்தை இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்குகிறார். அது சரியான காரியம், யாரும் அதை நிறுத்தச் சொல்லக் கூடாது. பிடுங்கிய அந்த இரவில் கடிகாரம் நின்றுபோகிறது. மறுநாள் இணையம் இல்லை.

முதல் இரண்டு தடவை எப்படிச் சரியாயிற்று என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் வந்து "என்னமோ செய்வான், வந்துரும்" என்றார். அவன் மணியைத் திருத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இந்தத் தடவை அவன் புனலூரில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான்.

முப்பது ரூபாய்க்குப் புதுப் பேட்டரி, எழுத்து உள்ள பக்கம் மேலே வரும்படி வைத்தேன். கணினி ஏறும் முன் வருகிற அமைப்புத் திரையான பயாஸில் தேதியைச் சரிசெய்து சேமித்தேன். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் காப்பி குடித்துவிட்டு மறுபடி போட்டேன். எஃப்1 கேட்கவில்லை. மணியும் சரியாக இருந்தது.

உங்கள் பக்கமும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். எல்லையோரத்தில் நமக்கென்று சில பழுதுகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

புனலூர் மாணவன்:

அண்ணே, ஒரு சந்தேகம். நெட் கிடைத்ததும் லினக்ஸ் தானாகவே நேரத்தைச் சரி செய்துகொள்ளுமே? பேட்டரி போனாலும் இப்படி ஆகக் கூடாதே?

புளியரை சர்வீஸ் கடை:

சரியான கேள்வி தம்பி, நானும் அங்கேதான் நின்றேன். தானியங்கி நேரம் அணைக்கப்பட்டிருந்தது. அத்தை மகன் ஊருக்கு வந்தபோது அதே கணினியில் விண்டோஸையும் வைத்திருக்கிறான். விண்டோஸ் தாய்ப்பலகைக் கடிகாரத்தில் நம் ஊர் நேரத்தை எழுதும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும். இரண்டுமே ஒழுங்கான முறைதான். ஆனால் ஒரே கடிகாரத்தை இரண்டும் பங்கு போட்டால் ஒன்று மாற்றி ஒன்றில் 5:30 மணி நேரம் தள்ளிப்போகும். மணி தப்பாகக் காட்டினால் எப்போதும் கச்சிதமாக ஐந்தரை மணி நேரம்தானா என்று பாருங்கள். அப்படியானால் வேறு எதையும் தேட வேண்டாம். அவன் எரிச்சலில் லினக்ஸில் தானியங்கி நேரத்தையே அணைத்துவிட்டுக் கையால் வைத்திருக்கிறான். நான் அதைத் திரும்பப் போட்டுவிட்டு, தாய்ப்பலகையில் இருப்பது உள்ளூர் நேரம் என்று லினக்ஸுக்குச் சொல்லிவைத்தேன். டைம்டேட்சிடிஎல் கட்டளையில் அதற்கு ஒரு வரி உண்டு.

கம்பம்:

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் சித்தப்பா குமுளியில் ஏலக்காய் வாங்கி விற்கிறவர். வரவு செலவு முழுக்க லிப்ரே ஆபீஸில் ஒரே கால்க் கோப்பு, எக்செல் மாதிரி. சீசனில் கணினி குமுளியில் இருக்கும், சீசன் முடிந்ததும் ஜீப்பில் ஏற்றிக் கம்பத்து வீட்டுக்குக் கொண்டுவருவார்.

போன தடவை இறக்கி வைத்துப் போட்டதும் கறுப்புத் திரை, இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஒரு சொல், பக்கத்தில் துடிக்கிற கோடு. லினக்ஸ் வட்டைத் திறக்க முடியாமல் பாதியிலேயே நின்றால் வருவது அது. அவ்வளவுதான். கடையில் காட்டினோம். "ஹார்ட் டிஸ்க் போச்சு, எஸ்எஸ்டி போடணும், பழைய டேட்டாவுக்கு உத்தரவாதம் இல்லை" என்றார்கள். சித்தப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது அந்தக் கோப்பில் மட்டும்தான் இருந்தது.

நான் பென் டிரைவில் லைவ் லினக்ஸ் (நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடுவது) போட்டுத் திறந்தேன். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: அந்தக் கறுப்புத் திரையைக் கண்டதும் கோப்பமைப்பைச் சோதித்துத் திருத்துகிற எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டச் சொல்லித்தான் எல்லோரும் சொல்வார்கள். அது தப்பில்லை, கரண்ட் பட்டென்று போய் வந்த பிறகு அதிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அது ஹார்ட் டிஸ்க் வட்டில் எழுதித்தான் திருத்தும். வட்டு உடல்நலம் தெரியாமல் எழுத விடாதீர்கள். முதலில் படிக்க மட்டும் திறந்து, தேவையான கோப்பை வெளியே எடுத்துவிடுங்கள். நடுவில் இரண்டு முறை நின்று நின்று, கடைசியில் கால்க் கோப்பு என் பென் டிரைவுக்கு வந்தது.

அப்புறம் டிஸ்க்ஸ் செயலியில் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தேன், வட்டு தன் உடல்நலத்தைத் தானே குறித்துவைக்கிற கணக்கு அது. அதில் 5 என்ற எண்ணுள்ள வரி, பழுதாகி மாற்றிவைக்கப்பட்ட செக்டர்கள் (வட்டின் சின்னச் சின்னப் பகுதிகள்): சுழியம். 197, சந்தேகத்தில் நிற்கிற செக்டர்கள்: சுழியம். வட்டின் பரப்பில் ஒன்றுமில்லை. 199 மட்டும் 312. அது வட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் நடுவில் போகிற வழியில் தரவு சிதைந்த தடவைகளின் கணக்கு. வழி என்றால் கேபிள்தான். பெட்டியைத் திறந்தால் சிவப்பு சாட்டா கேபிள், கொக்கி இல்லாத பழைய வகை, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. குமுளி மலைப்பாதையில் ஜீப் குலுங்கிய குலுக்கலில் கழன்றிருக்கிறது. கொக்கி உள்ள புதுக் கேபிள் போட்டு, பிறகு எஃப்எஸ்சிகே ஓட்டினேன். நாலைந்து இடத்தில் திருத்தியது, ஏறிவிட்டது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

எல்லாமே மின்சாரமும் கேபிளும் இல்லை அண்ணா. எங்கள் வீட்டில் வந்தது முழுக்க மென்பொருள் பக்கம்.

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் சித்தூர் வட்டாரத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. கேரளத்துப் பள்ளிகளில், மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தயாரித்துத் தருகிற, உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ்தான். பிள்ளைகள் ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜிப்ரா போன்ற செயலிகள் எல்லாம் அதில்தான் படிக்கிறார்கள். அதனால் என் மகளுக்காக வீட்டு லேப்டாப்பிலும் உபுண்டு போட்டேன். அவள் தமிழில் ஒரு கட்டுரை அடிக்க உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் கண் கலங்கி எழுந்து வந்தாள். "அம்மான்னு கூட அடிக்க முடியல."

தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் அ, ம, ம, ஆ என்று நான்கு விசை அழுத்தினால் அம்மா வந்துவிட வேண்டும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும் என்பதுதான் அதன் அழகே. அவளுக்குப் புள்ளியும் விழவில்லை, ஆவும் ஒட்டாமல் தனியாக நின்றது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று கணவர் புதிதாக ஒன்று வாங்கிவரவே கிளம்பிவிட்டார்.

அமைப்புகளில் தமிழ்99 என்ற பெயரில் வருவது இரண்டு வேறு பொருள். ஒன்று வெறும் விசை வரைபடம். ஒரு விசைக்கு ஒரு எழுத்து, முன்னால் எதை அடித்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. அதனால் புள்ளி வைக்கும் விதியை அது செய்யவே முடியாது. இன்னொன்று லினக்ஸில் தட்டச்சு முறைகளைக் கையாளும் ஐபஸ் என்ற மென்பொருள் வழியாக வருகிற எம்17என் உள்ளீட்டு முறை. அது முந்தைய எழுத்தை நினைவில் வைத்துச் சேர்க்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் பட்டியலில் தெரியும். வெளியேறாமல் தேடித்தான் நான் ஒரு மாலை முழுவதும் இழந்தேன்.

மகள் மறுபடி அடித்தாள். ம்மா என்று சேர்ந்து விழுந்ததும் திரையைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது அவளுக்குப் பிடித்த எழுத்துரு மீரா இனிமை. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற மலையாளத்துக் கட்டற்ற மென்பொருள் குழுவினர் தமிழுக்காகச் செய்து கொடுத்தது. எல்லையில் வாழ்கிற எங்களுக்கு அதில் தனி மகிழ்ச்சி.

பொள்ளாச்சியிலிருந்து மாமா அனுப்பிய பழைய வினாத்தாள் கோப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்ததும் இதே போன்ற கதை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். மாமாவிடம் எழுத்துருவின் பெயரைக் கேட்டு, எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கினேன். அந்த எழுத்துருவையே நிறுவினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் தேடினால் ஒரு சொல்லும் கிடைக்காது.

களியக்காவிளை:

சுருக்கமாக ஒன்று. என் லேப்டாப்பில் சார்ஜ் ஏறும்போது மட்டும் திரையில் சுட்டி தானாக ஆடும். டச்பேட் டிரைவரை மாற்றினேன், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோனேன், இரண்டு நாள் போயிற்று. வெறுங்காலோடு சிமென்ட் தரையில் உட்கார்ந்திருந்தபோது லேப்டாப்பின் உலோக ஓரத்தில் முழங்கை பட்டது, சுர்ரென்றது. மூன்று முனை பிளக்கை இரண்டு முனைத் துளையில் மாட்ட ஒரு கன்வர்ட்டர் வைத்திருந்தேன். எர்த் எங்குமே சேரவில்லை. எர்த் இல்லாவிட்டால் சார்ஜர், எஸ்எம்பிஎஸ் இவற்றுக்குள் இருக்கிற சின்ன மின்தேக்கிகள் வழியாக உடல் பகுதியில் மின்கசிவு வந்து நிற்கும். டச்பேட் உணர்வதே விரலின் மின் மாற்றத்தைத்தானே, அது குழம்பிப்போகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டேன். சுட்டி அடங்கியது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் பெட்டியின் பின்பக்கத் திருகு சுர்ரென்றால் விட்டுவிடாதீர்கள், பிரிண்டர் கேபிள் செருகுகிற நேரத்தில் யூஎஸ்பி போர்ட்டையே அது தின்றுவிடும்.

புளியரை சர்வீஸ் கடை:

டீச்சர் சொன்னது ஒப்புக்கொள்கிறேன், தமிழ் தட்டச்சு விஷயத்தில் நானும் பலருக்கு முதல் வகையைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். திரும்பக் கூப்பிட்டு மாற்றித் தர வேண்டும். கம்பம் தம்பி, ஒரு விஷயம்: கேபிள் மாற்றிய பிறகும் அந்த 199 குறையாது. அது கூடிக்கொண்டே போகிற கணக்கு, சுழியத்துக்குத் திரும்பாது. இனிமேல் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். சித்தப்பா கணினியை மறுபடி ஜீப்பில் ஏற்றினாரா?

கம்பம்:

ஏற்றிவிட்டார் அண்ணே, போன வாரம் குமுளிக்குப் போயிற்று. இந்தத் தடவை மடியில் வைத்துக்கொண்டு போனார். இன்று காலை போனில் சொல்லிச் சொல்லிப் பார்க்க வைத்தேன். 312தான் இருக்கிறது.