முகாம் நோயாளிகள் ஒரே சிஸ்டரிடம் ஒட்டிக்கொண்டால் அடுத்த அணி என்ன செய்வது?

டெல்டா_ஒருங்கிணைப்பு:
வணக்கம். புயல், வெள்ள சமயத்தில் நாகை, கடலூர் பக்கத்து நிவாரண முகாம்களுக்குத் தன்னார்வ நர்ஸ்களை அனுப்புகிறோம். ஓர் அணிக்கு ஒரு வாரம், பிறகு அடுத்த அணி. சிக்கலே அந்த மாற்றத்தில்தான். வீட்டையும் ஆளையும் பறிகொடுத்தவர்கள் ஒரு சிஸ்டரிடம் பழகிவிடுகிறார்கள். அவர் கிளம்பியதும் புதியவரிடம் டிரஸ்ஸிங்குக்குக் காலை நீட்ட மறுக்கிறார்கள். சுகர் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, சாப்பிட்டேன் என்கிறார்கள். ‘ரொம்பப் பழகாதீர்கள்’ என்று நர்ஸ்களிடம் சொல்லிவிடலாமா?

வார்டு_இன்சார்ஜ்:
சொல்லாதீர்கள் மேடம், சொன்னாலும் நடக்காது. வெள்ளக் காயத்துக்கான வைத்தியமே தினமும் முகம் பார்க்க வைப்பதுதான். சேற்றில் தகரமோ ஆணியோ கிழித்த காயத்தை முதல் நாளே தைத்து மூடினால் உள்ளே சீழ் கோத்துக்கொள்ளும். சலைனால் நன்றாகக் கழுவி, செத்த சதையை டாக்டர் எடுத்ததும், ஈரக் காஸை இறுக்காமல் வைத்துத் திறந்தே விடுவார்கள். காயம் சுத்தமாக இருந்தால் நாலைந்து நாள் கழித்துத்தான் தையல். அதுவரை அவர் கால் உங்கள் நர்ஸின் மடியில்.

நம்பிக்கை கெடுவதும் அங்கேதான். காய்ந்து ஒட்டிய காஸை வெடுக்கென்று பிய்த்தால் மறுநாள் ஆள் வரமாட்டார். டாக்டர் எழுதியிருக்கும் வலி மாத்திரையை அரை மணி முன்னதாகவே கொடுங்கள். காஸ் மேல் சலைன் விட்டு ஊறவையுங்கள். ‘இப்ப எடுக்கப் போறேன், வலிச்சா கையைத் தூக்குங்க’ என்று சொல்லுங்கள். கை எழுந்தால் உண்மையிலேயே நிறுத்துங்கள். பத்து மணி டிரஸ்ஸிங் என்றால் பத்து மணிதான். நாள் கிழமை தெரியாமல் கிடப்பவர்களுக்கு அந்த நேரம் ஒன்றுதான் பிடிமானம்.

ரணஜன்னிக்கான (டெட்டனஸ்) டி.டி. தடுப்பூசி 0.5 மி.லி., போட்ட தேதியுடன் சீட்டில் இருக்கட்டும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயில் ஒரு மாதத்துக்குள் நூறு பேருக்கு மேல் ரணஜன்னி வந்தது.

கரையோரம்:
இன்சார்ஜ் அக்கா சொன்னதோடு ஒன்று: கிளம்பும் நாளை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ‘வியாழக்கிழமை வரைக்கும் நான் பார்ப்பேன், அப்புறம் இன்னொரு சிஸ்டர் வருவாங்க.’ சொல்லாமல் போவது, ஏற்கெனவே ஆளைப் பறிகொடுத்தவருக்கு இன்னோர் இழப்பு.

மாற்றத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் பழையவர் டிரஸ்ஸிங் செய்ய, புதியவர் தட்டைப் பிடிக்கட்டும். மறுநாள் கை மாறட்டும். பழையவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் போதும்.

ஒப்படைப்பு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். காயத்தின் அளவு, மருந்தோடு இதுவும் வேண்டும்: ‘ஆயா என்று கூப்பிடலாம். இடது காது கேட்காது. டீ குடித்த பிறகுதான் மாத்திரை போடுவார். மகனைப் பற்றி நாமாகக் கேட்கக் கூடாது. அவராகச் சொன்னால் உட்கார்ந்து கேட்கவும்.’ கடைசி வரிதான் முக்கியம். இல்லாவிட்டால் ஒவ்வோர் அணியும் ‘என்னம்மா நடந்துச்சு?’ என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவிக் கையேடே சொல்கிறது. நோட்டைப் பூட்டி வையுங்கள். வருகிற போகிறவர்கள் புரட்டக் கூடாது.

சமூகநலம்_கடலூர்:
நர்ஸ்கள் சொந்த செல் நம்பரைக் கொடுப்பதை நிறுத்துங்கள். இரக்கத்தில்தான் கொடுக்கிறார்கள், ஊருக்குப் போய் ட்யூட்டியில் சேர்ந்ததும் எடுக்க முடிவதில்லை. குழுவுக்கென்று ஒரு போன் போதும், அது அணி விட்டு அணி கை மாறட்டும்.

‘உங்க பையன் வந்துடுவான்’ என்ற வாக்குறுதியும் வேண்டாம். ‘சாயங்காலம் வி.ஏ.ஓ. கிட்ட பட்டியலைப் பார்த்துட்டு, பேர் இருந்தாலும் இல்லாட்டியும் வந்து சொல்றேன்’ என்பது நிறைவேற்றக்கூடிய பேச்சு. பேர் இல்லாத நாளிலும் போய்ச் சொல்ல வேண்டும்.

துணையில்லாத குழந்தை யாரிடம் ஒட்டிக்கொண்டாலும், ‘நானே வளர்க்கிறேன்’ என்று முகாமைவிட்டு வெளியே கூட்டிப்போகக் கூடாது. உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். சொந்தக்காரர்கள் தேடி வரும் வழி அதுதான்.

தூக்கமே இல்லை, சாப்பாட்டைத் தொடவில்லை, சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அது பழக்கத்தால் தீராது. டாக்டரிடம் சொல்லுங்கள், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) இரவிலும் தமிழில் பேசலாம்.

டெல்டா_ஒருங்கிணைப்பு:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் இரண்டு அணிக்கும் சாப்பாடு, படுக்க இடம், வண்டி கட்டுப்படியாகாதே. குறைந்தபட்சம் எவ்வளவு?

கரையோரம்:
ஒரு டிரஸ்ஸிங் ரவுண்டாவது சேர்ந்து போங்கள். புது அணி முந்தின ராத்திரியே வந்துவிடட்டும், பழைய அணியின் வண்டியை மதியத்துக்கு மாற்றுங்கள். முகாம் கலையும்போது மட்டும் ஒப்படைப்பு அடுத்த அணிக்கு இல்லை. அந்த ஊர் கிராம சுகாதார செவிலியருக்கும் (வி.எச்.என்.), வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளருக்கும். அவர்களை நோயாளியின் பாய்க்கே கூட்டிப்போய் அறிமுகம் செய்யுங்கள், பட்டியலை மட்டும் வாட்ஸாப்பில் அனுப்பினால் பலிக்காது.