சிறிதாக்கினால் எங்கள் மாஸ்கொட் கரும்புள்ளி ஆகிவிடுகிறது, உதவுங்கள்

வெலிமடைத் தம்பி:
வணக்கம். நாங்கள் மூன்று நண்பர்கள். தோட்டத்து வீடுகளின் பின்புறம் விளையும் கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா எல்லாவற்றையும் சேர்த்து வாரம் இருமுறை லொறியில் கொழும்புக்கு அனுப்புகிறோம். கைபேசிச் செயலி தயாராகிவிட்டது. அதற்காக ஒரு மாஸ்கொட், அதாவது நிறுவனத்துக்கு அடையாளமாக நிற்கும் உருவம், வரைவித்தோம்: கூடை சுமந்து சிரிக்கும், தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா, கூடைக்குள் ஆறு வகை மரக்கறி, பின்னால் மலை, அருவி, சூரியன். கணினியில் பார்த்தபோது மூவரும் கைதட்டினோம்.

செயலியின் சின்னமாக வைத்ததும் முகமும் கூடையும் ஒட்டிக்கொண்டு கறுப்பாக ஏதோ தெரிகிறது. தொப்பியில் தைக்கக் கொடுத்தால், "இந்தக் கோடுகள் நூலில் வராது" என்று திருப்பிவிட்டார்கள். காகிதப் பையில் அடித்த பச்சை, பழைய ஊறுகாய் நிறத்தில் வந்தது. வரைந்தவர் தந்தது ஒரேயொரு ஜேபெக் படம். திருத்தம் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு.

இதற்கு மேல் அம்மா வேறு. பல வருடம் கொழுந்து பறித்தவர். படத்தைப் பார்த்ததும், "கூடைக் கயிறு தோளில் கிடக்கிறதே, இந்தப் பிள்ளை ஒரு நாளாவது மலைக்குப் போயிருக்குமா?" என்று கேட்டார். கயிறு தலையில் அல்லவா வரவேண்டும்! மூவரில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. எங்கே பிழைத்தோம்?

அச்சகத்து அண்ணன்:
தம்பி, நிறத்திலிருந்து தொடங்குகிறேன். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நான்கு மைகளைக் கலந்து காட்டுகிறது. திரையில் பளீரென்று தெரியும் சில பச்சைகளை அந்த நான்கு மைகளால் எட்டவே முடியாது. பழுப்புக் காகிதமென்றால் இன்னும் மங்கும். அந்தப் பையின் காகிதத்திலேயே ஒரு மாதிரி அடித்துப் பார்த்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள்.

ஜேபெக் என்பது புள்ளிகளால் ஆன படம், பெரிதாக்கினால் உடையும். எஸ்விஜி போன்ற வெக்டர் கோப்பு கேளுங்கள். அதை லொறிக் கதவளவுக்கு இழுத்தாலும் கோடு கெடாது. தையலுக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய கோடு ஆகாது. ஆனால் கோப்பை மாற்றிவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். படத்திலேயே கூட்டம் அதிகம்.

கோடும் நிழலும்:
அண்ணன் சொன்னது சரி. இருபது நிமிட வேலை ஒன்று தருகிறேன். படம் முழுவதையும் கறுப்பால் நிரப்புங்கள், வெளிக்கோடு மட்டும் மிஞ்சட்டும். அதைச் சுண்டுவிரல் நகத்தளவுக்குச் சுருக்கி, உங்கள் நிறுவனத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். என்னவென்று அவர் சொல்லிவிட்டால் படம் பிழைக்கும். ஜப்பானில் குமமொத்தோ மாகாணம் 2010இல் தன் மாஸ்கொட்டாகக் கொண்டுவந்த கரடியைப் பாருங்கள்: கறுப்பு உடல், வட்டக் கண், இரண்டு சிவந்த கன்னம். ஒரு குழந்தை நினைவிலிருந்தே வரைந்துவிடும். உங்கள் அருவியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். விற்பது மரக்கறி, படத்தில் ஏன் கொழுந்துக்காரி? மலையகம் என்றதும் கூடையும் சிரிப்புமாக ஒரு பெண்ணை நிறுத்துவது சுற்றுலாச் சுவரொட்டிக்காரர்களின் பழக்கம். அந்த வேலையின் பாரம் தெரிந்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார், கயிற்றைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டார். பிரான்சில் டயர் செய்து விற்ற மிச்செலின் சகோதரர்கள் 1894இல் லியோன் கண்காட்சியில் டயர்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்து, இரண்டு கைகளைச் சேர்த்தால் மனிதன் ஆகிவிடும் என்று நினைத்தார்கள். 1898இல் அந்த டயர் மனிதன் சுவரொட்டிக்கு வந்தான். நீங்களும் விற்கும் பொருளிலேயே தேடுங்கள்.

நக்கிள்ஸ் நடையன்:
விலங்கு வேண்டுமென்றால் நக்கிள்ஸ் மலைத்தொடரில் மூக்கு நுனியில் இலை போன்ற கொம்புள்ள ஓணான் ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் கிடையாது. வெளிக்கோட்டுச் சோதனையில் முதல் மதிப்பெண்!

அட்டன் ஆச்சி:
வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே தம்பி. கொழும்பில் கோவா வாங்குகிறவள் பையில் ஓணானைக் கண்டால் உள்ளே என்ன இருக்கிறதோ என்று பயப்படுவாள். யாராவது சிறுத்தை என்று தொடங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன், தேயிலைக்குள் அது படுத்திருக்குமோ என்று பார்த்துப் பார்த்துக் கால் வைப்பவர்கள் நாங்கள். அதுவும் வேண்டாம்.

கோடும் நிழலும்:
ஆச்சி, வணங்கினேன்.

எழுத்தர்:
உரிமை விஷயத்தை யாரும் தொடவில்லை. வெளியாளிடம் வரைவித்தால், காசு கொடுத்ததாலேயே படைப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. புதிதாக வரைவிக்கும்போது உரிமை மாற்றத்தை எழுத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். மூலக் கோப்பும் எத்தனை திருத்தம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். பிறகு கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதியலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு 10 ஆண்டுகளுக்கு, பின்னர் புதுப்பிக்கலாம். ஏற்கெனவே யாராவது அதேபோல் பதிந்திருக்கிறார்களா என்று தேடிவிட்டுக் காசு செலவழியுங்கள்.

வெலிமடைத் தம்பி:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, அருவி, சூரியன் எல்லாவற்றையும் தூக்கிவிட்டோம். சந்தைக்குக் கட்டி வைத்த மரக்கறிகளை ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கிப் பார்த்தோம். கோவா வெறும் பந்தாகத் தெரிந்தது. லீக்ஸ்தான் வென்றது: கீழே வெள்ளைத் தண்டு, மேலே விசிறி போல் விரியும் இலை, குழந்தையின் கலைந்த தலை மாதிரி. தண்டில் இரண்டு கண், ஒரு வாய். மூன்றே நிறம். நகத்தளவிலும் தெரிகிறது. ஒரே மையில் சாக்கில் அடிக்க, தகரத்தில் வெட்டிய அச்சும் செய்தோம். அதிலும் முகம் நிற்கிறது.

அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேர் எங்கே?" என்றார். கடைக்கு வரும் லீக்ஸில் வேரை நறுக்கிவிடுகிறார்கள், நாங்களும் அதைப் பார்த்தே வரைந்திருக்கிறோம். தோட்டத்துக்குப் போய் ஒன்றைப் பிடுங்கி மண்ணை உதறினால், அடியில் வெள்ளை நூல் நூலாகக் கொத்து வேர். இப்போது அதுதான் அவனுக்குக் கால்.

அண்ணா, அந்த வேரை மட்டும் தையலில் எப்படிக் கொண்டுவருவது?

அச்சகத்து அண்ணன்:
தொப்பிக்கு மூன்று தடித்த வேர் போதும் தம்பி. மீதியை லொறிக் கதவில் வரைந்துகொள்ளுங்கள்.